நீலவாளியம்மா சொல்லாமல் போன நாள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே வருகிறவர் வாசற்படியிலேயே "நான்தான்" என்று குரல் கொடுத்து, யார் என்று சொல்ல வேண்டும். வெளியே போகிறவர் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் இதுதான், மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் இதுதான். சொல்லாமல் வந்தால் திருடன். சொல்லாமல் போனால் போகவேயில்லை என்று அர்த்தம். ஆள் இன்னும் அறைக்குள்தான் நிற்கிறார்.

சட்டம் என் மாமியாருக்காக வந்தது. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. போன புதிதில் ஒருநாள் சிலிண்டர் போட ஆள் வந்தான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவன் போய்விட்டான் என்று நினைத்து, அத்தை கட்டிலில் உட்கார்ந்து தன் கண்களைத் திட்டித் திட்டி அழுதிருக்கிறார். கால் மணி நேரம். கடைசியில் அவன், "அம்மா, ஒரு கையெழுத்து வேணும்" என்றானாம். கதவு காற்றில் சாத்தியிருக்கிறது. அதன் பிறகு இரண்டு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. "எதிர்ல ஆள் இருக்கா இல்லையான்னுகூட இனிமே ஊர்ல இருக்கறவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். என் மனைவி அன்றைக்கே சட்டம் போட்டாள். மறந்தவர்களை வாசலுக்குத் திருப்பி அனுப்பி மறுபடி வரவைப்பாள். கட்டின புருஷன் என்றும் பார்க்க மாட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டே வாசலில் நிறுத்தச் சொல்லி, "அம்மா, போயிட்டு வரேன்" என்று சொன்னாள். "வா" என்றார் அத்தை. அவள் திரும்பி வரவில்லை.

அப்புறம் வீட்டில் நானும் அத்தையும்தான். எனக்குக் கடை ஷட்டர் போடுகிற வேலை. ஸ்பிரிங் அறுந்தது, பாதியில் நின்றது, பூட்டு பிடிக்காதது எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரும்போடு பேசிப் பழகிய ஆள். அத்தையும் அதிகம் பேச மாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். குளியலறையில் அவர் வழுக்கி விழும்வரைக்கும் வண்டி அப்படியே ஓடிற்று.

இடுப்பில் தகடு வைத்து அனுப்பினார்கள். வலது தோளும் போயிற்று. கை தலைக்கு மேலே வராது. நடக்கவைத்தால் நாலு எட்டு நடப்பார். குளிப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எதுவும் தனியாக முடியாது. மாமியாருக்கு மருமகன் செய்யக்கூடிய வேலையா அது? நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஈரத்துணியைப் பிழிந்து கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். எட்டின இடத்தைத் துடைத்துக்கொள்வார். பதினோரு நாள் இப்படி.

"மாப்பிள்ளை, எங்கிட்ட வாடை வருதா?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாதீங்க. எனக்குப் போனது கண்ணுதான். மூக்கு இருக்கு."

வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஒன்று மார்க்கெட் மாடியில் இருந்தது. அவர்கள் ஷட்டரைப் போட்டதே நான்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"நிக்க வச்சா நிப்பாங்களா?"

"பிடிச்சா நிப்பாங்க."

"பாத்ரூம் வந்தா சொல்றாங்களா?"

நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சொல்றாங்க" என்றேன்.

"அடிக்கிறது, திட்டுறது?"

"என்னை மட்டும்தான்."

முதலில் வந்தவள் அத்தையை "தங்கக்குட்டி, கையைக் காட்டுங்க" என்று கொஞ்சினாள். "நான் உன் குட்டி இல்லம்மா" என்று அத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார். இரண்டாவதாக வந்தவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே திடீரென்று முதுகில் தண்ணீர் ஊற்றினாள். அத்தை கை வீசியதில் போன் வாளிக்குள் விழுந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் நீலவாளியம்மா. ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. கையில் சொந்தமாக ஒரு நீல வாளி, அதற்குள் ஒரு குவளை, ஒரு சீப்பு. போகிற வீட்டு வாளி எதையும் தொட மாட்டார். "அவங்கவங்க வாளி அவங்கவங்க ஆயுதம்" என்பார். நீலவாளியம்மா என்பது தெருவில் பார்த்தவர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயரை ஏஜென்சியில் சொல்லியிருப்பார்கள், எனக்கு நினைவில் நிற்கவில்லை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

முதல் நாள் சட்டத்தைச் சொன்னேன். சிரித்தார். "இதை நீங்க சொல்லணுமா அண்ணே? எனக்குத் தொழிலே அதுதானே" என்றார்.

நிஜம்தான். அவர் எதையும் சொல்லாமல் தொட மாட்டார். "கை வருதும்மா." "துண்டு வருது." "இப்ப தண்ணி, முழங்காலுக்கு மேல." கதவுக்கு வெளியே நின்றால் ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்கிற மாதிரி இருக்கும். எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். படிக்கவெல்லாம் இல்லை. பெண்களுக்கு முடி வெட்டுகிற பார்லர் ஒன்றில் தலை அலசிவிடுகிற வேலை பதினாறு வருடம் பார்த்திருக்கிறார். "கண்ணை மூடிட்டு மல்லாந்து கிடப்பாங்க அண்ணே. சும்மா காதைத் தொட்டாலே தூக்கிப்போடும். சொல்லிட்டுத் தொட்டா கழுத்தே இளகிடும். பெரிய மனுஷி, சின்ன மனுஷி எல்லாம் கிடையாது. கண்ணை மூடினா எல்லாரும் ஒண்ணு."

தண்ணீரின் சூட்டைத் தன் கழுத்தில் ஊற்றிப் பார்ப்பார், கையில் அல்ல. வேலை செய்கிற கைக்குச் சூடு தெரியாதாம். தலையில் ஆரம்பிக்க மாட்டார், பாதத்தில்தான். உடம்பு முழுக்கத் துண்டால் மூடியிருக்கும். கழுவுகிற இடம் மட்டும் வெளியே வரும், கழுவியதும் உள்ளே போகும். அத்தை பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ஒரு நாள்கூட நான் முழுசா அம்மணமா இருந்ததில்ல மாப்பிள்ளை." மருமகனிடம் இப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

கடைசியில் தலை. அதை மட்டும் கட்டிலுக்குக் கூட்டிவந்து செய்வார். மல்லாந்து படுக்கிறவருக்கு ஒற்றைப் பின்னல் பின்மண்டையில் குத்தும் என்று, இரண்டாகப் பிரித்து இரண்டு காதுக்குப் பக்கத்திலும் பின்னிவிடுவார். நுனியில் பழைய துணிக் கிழிசல் கட்டி, முடிச்சை உள்பக்கமாகத் திருப்பிவிடுவார். எழுபத்தாறு வயதில் அத்தை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"எந்த வகுப்புடி நான்?"

"நீங்க ஃபெயில் ஆகி ஃபெயில் ஆகி ஒண்ணாம் வகுப்பேதான்."

கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் மனைவி போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. வேண்டுமென்றே காலணியை மெதுவாக மாட்டுவேன்.

பின்னும்போது உட்கார ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. நான் வெல்டிங் வைத்துச் செய்தது. ஒரு கால் அரை விரல் குட்டை. யார் உட்கார்ந்தாலும் டக் என்று ஒரு சத்தம், எழுந்தால் இன்னொரு டக். "ஊருக்கெல்லாம் ஷட்டர் போடறீங்க, இந்த ஒரு காலுக்கு ஒரு ரப்பர் போடக்கூடாதா?" என்று நீலவாளியம்மா தினமும் கேட்பார். "நாளைக்கு" என்பேன். எட்டு மாதம் அந்த நாளை வரவேயில்லை.

வேலை முடிந்ததும் அத்தையின் கட்டிலருகே நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்பார். "வா" என்று அத்தை சொன்ன பிறகுதான் வாளியைத் தூக்குவார். பட்டறைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் நான் அவரை இறக்கிவிடுவேன். இதுதான் ஏற்பாடு.

அந்த நாள் காலையில் ஒரு மருந்துக்கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே கடைக்காரர், வெளியே ஊர். போனுக்கு மேல் போன். நான் ஸ்கூட்டரைக் கிளப்பி வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். இரண்டாம் முறை அடித்தபோது நீலவாளியம்மா ஈரக்கையோடு வெளியே ஓடிவந்தார்.

"ஒரே நிமிஷம் அண்ணே. ஒரு பக்கம்தான் பின்னியிருக்கேன். சீப்பைப் பாத்ரூம்ல வச்சிட்டேன், எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏறுங்கம்மா. மிச்சத்தை நாளைக்குப் பின்னிக்கலாம். அங்க ஒரு ஆளு உள்ளே மாட்டிட்டிருக்கான்."

"வாளி..."

"நாளைக்கு எடுத்துக்கலாம். ஏறுங்க."

ஏறிவிட்டார். என் குரல் அப்படி. தபால் ஆபீஸ் முக்கு வந்ததும் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். தட்டுவதற்கு முன் "கை வருது அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டினார், பழக்கதோஷம்.

"அம்மாகிட்ட சொல்லாம வந்துட்டேன். வண்டியைத் திருப்புங்க."

"ஒரு நாள் சொல்லலைன்னா குடி முழுகிடாது."

"அவங்க காத்திட்டிருப்பாங்க. திருப்புங்கண்ணே."

நான் திருப்பவில்லை. பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். வெறுங்கையோடு நின்றார். வாளி இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதோ சட்டை போடாமல் நிற்கிறவர் மாதிரி இருந்தார்.

ஷட்டர் வேலை சாயங்காலம்வரை இழுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு வாசலில் நின்று "நான்தான்" என்றேன். அத்தை உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசுங்க. தூங்கிட்டா போல."

"யாரு?"

"அவதான். சீப்பு எடுத்துட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்தா. சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பேச்சே இல்ல. நானும் எழுப்பல. பாவம், எத்தனை வீட்டு வேலை."

இடது பக்கம் பின்னல் போட்டு உள்முடிச்சுப் போட்டிருந்தது. வலது பக்கம் முடி அவிழ்ந்து காய்ந்து தோளில் கிடந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. ஏனோ அதன் மேல் நான் பையை வைக்கவில்லை.

"அவங்க காலையிலேயே போயாச்சு அத்தை."

"சொல்லாம போக மாட்டா." அத்தைக்கு அதில் சந்தேகமே இல்லை. "சுவரைப் பிடிச்சுட்டு பாத்ரூம் வரைக்கும் போனேன். வாளி அங்கேயே இருக்கு. தொட்டுப் பாத்தேன்."

நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு அவரே வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஏஜென்சிப் பெண் போன் செய்தாள். முந்தின நாள் எங்கள் வீட்டுக்குப் பிறகு நீலவாளியம்மா வேலைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அதோடு சரி, பிறகு எழுந்திருக்கவேயில்லை. பதினோரு மணி இருக்கும் என்றாள். "உங்களுக்கு வேற ஆள் அனுப்பவா?" என்று கேட்டாள்.

அத்தையிடம், "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம், கொஞ்ச நாள் வேற ஆள் வரும்" என்றேன். முகத்தை என் பக்கம் திருப்பி, "யாருக்கு உடம்பு சரியில்ல? இங்கதானே இருக்கா" என்றார்.

அப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தைக்குப் புத்தி பிசகவில்லை. என் செருப்பு தேய்ந்திருப்பதை நடையிலேயே கண்டுபிடிப்பார். பால்காரன் ஒரு நாள் தாமதமாக வந்தால் காரணம் கேட்பார். ஆனால் அந்த ஸ்டூலில் ஆள் இருந்தது. தூங்கி எழுந்ததும் அதைப் பார்த்துப் பேசுவார். தட்டில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். வந்த புதுப் பெண் உட்காரப் போனால், "அதுல உக்காராதே, ஆள் இருக்கு" என்பார். உடம்பைத் தொடவிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு. தலையை மட்டும் தொடவிடவில்லை. "மிச்சத்தை அவளே பின்னட்டும். சீப்பு எடுத்துட்டுத்தானே வந்து உக்காந்திருக்கா."

முதல் பெண் மூன்று நாளில் நின்றுவிட்டாள். அடுத்து வந்தவள் தைரியசாலி, ஆஸ்பத்திரியில் பிணம் துடைத்தவள். ஒரு வாரம் தாங்கினாள். ஒரு காலை பாத்ரூமிலிருந்து நேராக வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"என்னம்மா, பாதியில..."

"நான் அந்தம்மாவைப் பாத்ரூம்ல பிடிச்சிட்டிருக்கேன். ரூம்ல யாரோ உக்கார்றாங்க. டக்குன்னு. நான் ரெண்டு கையாலயும் அவங்களைப் பிடிச்சிருக்கேன் அண்ணே. அப்ப அங்க யாரு?"

"பூனையா இருக்கும்."

"பூனை சொல்லிட்டா உக்காரும்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அப்படியானால் அவளுக்குக் குரலும் கேட்டதா என்று எனக்குப் புரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் இல்லை.

ஏனென்றால் அந்த டக் சத்தம் எனக்கும் கேட்டிருந்தது. சமையலறையில் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தேன். டக். போய்ப் பார்த்தேன். அத்தை தூக்கம். ஸ்டூல் இருந்த இடத்திலேயே. இரும்பு வெயிலுக்கு விரியும், நிழலுக்குச் சுருங்கும், சத்தம் போடும். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த அறையில் வெயில் விழுவது சாயங்காலத்தில், எனக்குச் சத்தம் கேட்டது காலையில்.

ஏஜென்சிப் பெண் கூப்பிட்டு அனுப்பினாள். "உங்க வீட்ல ஆள் நிக்க மாட்டேங்கறாங்க சார். ஏதேதோ சொல்றாங்க. இன்னும் ஒருத்தரை அனுப்பறேன், திங்கக்கிழமை. அவங்களும் போயிட்டா உங்க வீட்டை லிஸ்ட்லேருந்து எடுக்கறதைத் தவிர வழியில்ல. இதையும் வச்சுக்குங்க." முதியோர் இல்லத்து விண்ணப்பம். ஹாலில் இருபது கட்டில் போட்ட படம் ஒன்று மேலே அச்சடித்திருந்தது. இருபது கட்டிலுக்கும் நடுவில் யாரெல்லாம் வருவார்கள், போவார்கள், யார் சொல்லிவிட்டு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அத்தை அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டார்.

வீட்டிலும் நிலைமை மோசம். குதிகால் சிவந்துவிட்டது. வலது பக்க முடி சடை பிடித்துக் கயிறாகிவிட்டது. நான் மறுபடி ஈரத்துணியைப் பிழிந்து கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்க ஆரம்பித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

"நான்தான் அத்தை."

"வீட்டுக்குள்ளதானே இருந்தீங்க?"

"ஒண்ணு சொல்லணும்."

தரையில் உட்கார்ந்தேன். ஸ்டூலுக்கு முதுகைக் காட்டி உட்கார மனம் வரவில்லை, தள்ளி உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன் அடித்தது, ஏறச் சொன்னது, தபால் ஆபீஸ் முக்கில் தோளைத் தட்டியது, நான் திருப்பாதது, நாலு மாடி, மூன்றாவது மாடிப் படி.

அத்தை முன்னமே ஊகித்திருப்பார் என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்ததைப் பார்த்தேன்.

"இருபத்து மூணு நாள் பேசியிருக்கேன் மாப்பிள்ளை," என்றார். "பதில் சொல்லல. ஆனா கேட்டுட்டு இருந்தா."

"அத்தை..."

"எம்பொண்ணு சொல்லிட்டுப் போனா. அதனால அவளை நான் ஒரு நாளும் இந்த வீட்டுக்குள்ள தேடல. இவ சொல்லல. சொல்ல நினைச்சா. நீங்க விடல."

"தப்புதான்."

"தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த இடத்துல திருப்பச் சொன்னா?"

"தபால் ஆபீஸ் முக்கு."

"அந்த வாளியை எடுத்துட்டு அங்க போங்க. அவளை ஏத்திக்கிட்டுத் திருப்பிட்டு வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்."

இது என்ன கூத்து என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த விண்ணப்பம் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. அதை நிரப்புவதைவிட இது எளிதுதான்.

நீல வாளியை, உள்ளே கிடந்த குவளையும் சீப்புமாக, பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். தபால் ஆபீஸ் பூட்டியிருந்தது. முக்கில் வண்டியை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து வாளியை என் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்தேன். பின் சீட் காலியாக இருக்க வேண்டும் அல்லவா. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக, "ஏறுங்கம்மா" என்றேன்.

டீக்கடையிலிருந்து ஒருவர், "யாரை அண்ணே ஏத்தறீங்க?" என்றார்.

"வாளியை."

"அதான் முன்னாலயே உக்காந்திருக்கே!"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் என் வண்டியின் பின் ஸ்பிரிங் ஒரு தடவை முனகிற்று. அந்த அம்மா ஏறினால் அது முனகும். நான் காலை மாற்றி ஊன்றியிருப்பேன், அதனால் இருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. வீடுவரைக்கும் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினேன். தனியாக ஓட்டும்போது அப்படி ஓட்ட மாட்டேன்.

வாசலில் நின்றேன். "நான்தான் அத்தை." சட்டப்படி கூட வருகிறவரும் சொல்ல வேண்டும். கொஞ்சம் காத்திருந்தேன். அப்புறம், "கூட அவங்களும் வந்திருக்காங்க" என்றேன்.

"வாளியை வச்சிட்டு வெளியே நில்லுங்க மாப்பிள்ளை. பொம்பளைங்க இருக்கற இடம்."

கதவைச் சாத்திக்கொண்டு, அந்த எட்டு மாதம் காலணி மாட்டுவதாகப் பேர்பண்ணி நின்ற அதே இடத்தில் நின்றேன்.

"சீப்பு எடுக்கப் போனவ வர்ற நேரமாடி இது?"

டக்.

பிறகு அத்தை பேசினார். வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் இடைவெளி விட்டு விட்டுப் பேசினார், மற்றவர் பேசுவதற்கு விடுகிற மாதிரி. ஒரு தடவை சிரித்தார். வெயில் வாசலில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. உலகம் தன்பாட்டுக்கு இருந்தது.

டக்.

"சரிம்மா. வா," என்றார் அத்தை, தெளிவாக. அப்புறம் உரக்க, "மாப்பிள்ளை! கிளம்பறா. வண்டியை எடுங்க."

உள்ளே போய் வாளியைத் தூக்கினேன். வாளியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வழியில் தபால் ஆபீஸ் முக்கில் ஒரு கணம் வேகத்தைக் குறைத்தேன், தோளில் தட்டு விழுமோ என்று. விழவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி நின்றேன். யாரும் கை காட்டாமலே பஸ் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நிறுத்தம்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையா?" என்றார்.

"ஆச்சு. போங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

திரும்பி வந்து "நான்தான்" என்றேன். அத்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பின்னியிருந்தது. சடை பிடித்துக் கிடந்த வலது பக்கம் சிக்கெடுத்து, இழுத்து, நுனியில் துணி கட்டியிருந்தது. முடிச்சு உள்பக்கம். சீப்பு போர்வைமேல் கிடந்தது.

கை தலைக்கு மேல் வராது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டால் எதுவரை வரும் என்று அவர் சொல்லவில்லை. அந்த முடிச்சை எட்டு மாதம் தினமும் விரலால் தடவிப் பார்த்தவர் அத்தை. அதை அப்படியே போட அவருக்கே தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

மறுநாள் வாளியை ஏஜென்சி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த விண்ணப்பத்தையும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன். புதுப் பெண்ணை அங்கிருந்தே வண்டியில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் நின்று குரல் கொடுத்தாள். ஸ்டூல் அருகே தயங்கினாள். அவளுக்கும் யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள்.

"உக்காரு," என்றார் அத்தை. "காலியாத்தான் இருக்கு."

உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. காலையில்தான் அந்தக் குட்டைக் காலுக்கு ரப்பர் போட்டிருந்தேன்.

"என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?" அத்தையின் குரல் ஏறிற்று. "உக்காந்தாங்களா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? கழட்டுங்க அதை."

கழற்றினேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். டக். அத்தை தலையாட்டினார். பாதத்திலிருந்து தொடங்கி எல்லாம் முடிந்து கட்டிலுக்கு வந்தபோது, புதுப் பெண் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"யாரும்மா பின்னினது? நல்ல கை."

"முன்னாடி இருந்தவ," என்றார் அத்தை. "நேத்துதான் சொல்லிட்டுப் போனா. நீ அவிழ்க்கலாம்."

பட்டறையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய், "அத்தை, போயிட்டு வரேன்" என்றேன். முடியை அவிழ்க்கிற சுகத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. போன் நின்று, மறுபடி அடித்தது. "வா" என்று அவர் சொல்கிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.